இதய அறுவைக்குப் பின் ருசி திரும்பும் வரை: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பைபாஸ் அறுவையோ வால்வு மாற்று அறுவையோ முடிந்து வீடு திரும்பிய ஒருவர், வீட்டார் பார்த்துப் பார்த்து வைத்த சாளைக் கறியை ஒரு வாய் தொட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைப்பது மிகப் பரவலாக நடக்கும் ஒன்று. "வாயெல்லாம் கைக்குது", "இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொல்லும்போது சமைத்தவரின் மனம் வாடுகிறது. உண்ணாமல் உடம்பு எப்படித் தேறும் என்ற அச்சமும் கூடவே வருகிறது. காயத்தைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் மறுபரிசோதனைத் தேதியைப் பற்றியும் மருத்துவமனையில் விரிவாகச் சொல்லி அனுப்புவார்கள். சாப்பாடு சில வாரங்களுக்கு ருசிக்காமல் போகலாம் என்பதோ பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தியாகவே இருந்துவிடுகிறது.

இந்த அனுபவத்தை முதன்முறையாகச் சந்திக்கும் குடும்பங்களுக்காக, வீடு திரும்பும் நாள் முதல் ஏறத்தாழ 3 மாதங்கள் வரை செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் விடுப்புச் சீட்டில் (டிஸ்சார்ஜ் சம்மரியில்) எழுதியிருப்பது இதிலிருந்து எங்கேனும் மாறுபட்டால், அவர் எழுதியதையே பின்பற்றுங்கள். உங்கள் இதயத்தின் நிலையும் சிறுநீரகத்தின் நிலையும் அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வரும் பயணம்

நம் மாவட்டத்தினர் பலர் திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொள்கிறார்கள். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான் என்றாலும், வளைவுகளும் நெரிசலும் நிறைந்த அந்தச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நோயாளி காரின் பின் இருக்கையில் அமரட்டும். இருக்கைப் பட்டையைக் கட்டாயம் போட வேண்டும். அது காயத்தில் உரசாமல் இருக்க மார்புக்கும் பட்டைக்கும் இடையே மடித்த துவர்த்தையோ சிறு தலையணையையோ வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அவர் இறங்கிச் சில அடிகள் நடந்தால் காலில் இரத்தம் தேங்காது. அன்றைக்கே உறவினர் எல்லாரையும் வரவழைக்க வேண்டாம். பார்க்க வருவோரில் இருமலோ காய்ச்சலோ உள்ளவர்கள் தொலைபேசியில் நலம் விசாரித்தால் போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ருசி ஏன் மாறுகிறது

இதற்குக் காரணம் ஒன்றல்ல. அறுவையின்போது கொடுத்த மயக்க மருந்துகள், வாய் வழியாகத் தொண்டைக்குள் இட்டிருந்த சுவாசக் குழாய், இதய நுரையீரல் இயந்திரத்தின் வழியே இரத்தம் சுற்றி வந்ததால் உடம்பு முழுவதும் எழும் அழற்சி ஆகியவை முதல் நாட்களில் பங்கு வகிக்கின்றன. அதன்பின் மருந்துகள் வருகின்றன. சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் இரும்புச் சத்து மாத்திரைகளும் வாயில் உலோகச் சுவையைத் தரும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள், குறிப்பாக 'பிரில்' என்று முடியும் பெயருடையவை, சுவையை மங்கச் செய்யலாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் வாயை உலர்த்தும். உமிழ்நீர் இல்லாமல் சுவை நாக்கில் படியாது. வலி மாத்திரைகளாலும் படுக்கையாலும் வரும் மலச்சிக்கல் பசியை அடக்கிவிடுகிறது. இத்தனைக்கும் மேலாக, உணவின் சுவையென்று நாம் உணர்வதில் பெரும்பகுதி மணத்தால் வருவதாகையால், மூக்கின் உணர்வு மாறும்போது பழகிய உணவும் அந்நியமாகிவிடுகிறது. அறுவைக்கு முன் விரும்பிக் கேட்ட கருவாட்டு மணம் இப்போது குமட்டலை உண்டாக்குவது இதனால்தான்.

நாக்கிலுள்ள சுவை அணுக்கள் ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பவை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலேயே ருசி மெல்லத் திரும்பத் தொடங்குகிறது. சிலருக்கு 3 மாதங்கள் வரை ஆகிறது. ஆகவே, உணவு ருசிக்காதது சமைத்தவரின் கைக்குறையும் அல்ல, உண்பவரின் பிடிவாதமும் அல்ல. இதை இருவரும் முதல் நாளே பேசித் தெளிந்துகொள்வது, அடுத்து நான் சொல்லப்போகும் எல்லா உபாயங்களையும் விட அதிகமாக உதவும்.

முதல் இரண்டு வாரங்கள்: பசியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து உண்ணுதல்

மார்பெலும்பும், பைபாஸுக்காகக் காலில் நரம்பு (இரத்தக் குழாய்) எடுத்த காயமும் கூடுவதற்குப் புரதமும் ஆற்றலும் தேவை. பசி எடுக்கும்போது கொடுக்கலாம் என்று காத்திருந்தால், பசி வராமலே நாள் கழிந்துவிடும். எனவே மூன்று வேளை நிறைய உண்பதற்குப் பதிலாக, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணத்தில், நாளொன்றுக்கு ஆறு வேளையாகக் கொடுங்கள். தட்டு நிறையச் சோற்றைக் கண்டாலே பலருக்கு மனம் பின்வாங்குகிறது. சிறு கிண்ணத்தை முடித்துவிட்டோம் என்ற நிறைவு அடுத்த வேளைக்குத் துணை செய்கிறது.

நம் ஊர் உணவிலேயே இந்த நாட்களுக்கு ஏற்றவை நிறைய இருக்கின்றன. சிவப்பரிசிக் கஞ்சியும் வேகவைத்த சிறுபயறும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் நல்ல உணவு. பயறு குழைந்திருந்தால் தொண்டை வலி உள்ளவரும் விழுங்கலாம். அவித்த நேந்திரம்பழம், முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், ஆவியில் வெந்த இடியாப்பம் ஆகியவை மணம் அதிகம் எழாதவை என்பதால் குமட்டல் உள்ளவர்க்கும் ஒத்துவரும். மீன் உண்பவர்களுக்குச் சாளையும் அயலையும் புரதத்தோடு இதயத்துக்கு உகந்த கொழுப்பையும் தருகின்றன. விலை உயர்ந்த மீனைத் தேடிப் போக வேண்டியதில்லை. வறுக்காமல், கொடம்புளியோ மாங்காயோ சேர்த்து வைத்த கறியாகக் கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்புமே தவிர அதில் புரதம் மிகக் குறைவு. ஆசைக்குச் சிறிது மீனோடு உண்ணலாம், அதையே ஒரு வேளை உணவாக்க வேண்டாம்.

அடுப்பிலிருந்து எழும் மணமே தொல்லையாக இருந்தால், சமைக்கும் நேரத்தில் நோயாளி வராந்தாவில் காற்றோட்டமாக அமர்ந்திருக்கட்டும். உணவை ஆறவைத்து மிதமான சூட்டில் பரிமாறுங்கள். ஆறிய உணவில் மணம் குறைவு. உலோகச் சுவை உள்ளவர்கள் எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டு மரக்கரண்டியோ பீங்கான் கரண்டியோ பயன்படுத்திப் பார்க்கலாம். தம்ளருக்குப் பதில் கண்ணாடிக் குவளையில் குடிக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து வாய் கொப்பளித்துத் துப்பினால் நாக்கு சற்றுத் தெளியும். அதை விழுங்கக் கூடாது, அதில் சோடியம் இருக்கிறது.

நாளொன்றுக்கு இரண்டு முறை மென்மையான பிரஷால் பல் துலக்கி, நாக்கை அழுத்தாமல் வழித்துவிடுவதும் முக்கியம். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெண்ணிறத் திட்டுகள் படிந்து, எரிச்சலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளுக்குப் பிறகும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது எளிதில் வரும். கொப்பளிப்பதால் மட்டும் போகாது, மருந்து வேண்டும். உரிய மருந்து கிடைத்த சில நாட்களிலேயே ருசி மேம்படும் என்பதால் இதைக் கவனிக்காமல் விடுவது வீண் துன்பம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கத்தை விடக் குறைவாக உண்ணும் நாட்களில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவு பாதியாகக் குறைந்தால் அன்றே மருத்துவரை அழைத்து மருந்தின் அளவைக் கேளுங்கள். கருப்பட்டி போட்ட காப்பி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கில்லை என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும்.

தேங்காயைப் பற்றியும் ஒரு சொல். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறை கொழுப்பு என்பது உண்மை. நீண்ட காலத்தில் அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சியை முடிப்பதே பெரும்பாடாக இருக்கும் முதல் இரு வாரங்களில், துவரனில் ஒரு கரண்டி தேங்காய்த் துருவல் விழுந்துவிட்டதே என்று உணவையே பறித்துவிடாதீர்கள். உண்ண வைப்பது முதல் கடமை. கொழுப்பைத் திருத்துவதற்கு வரும் மாதங்கள் இருக்கின்றன. உப்புக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

உப்பைச் சேர்த்து ருசியைத் தேடாதீர்கள்

ருசி மங்கிய நாக்கு முதலில் கேட்பது உப்பைத்தான். "கொஞ்சம் ஊறுகாய் குடுங்க, அதைத் தொட்டாவது சாப்பிடுறேன்" என்று கேட்கும்போது மறுப்பது வீட்டாருக்குக் கடினம். ஆனால் அறுவைக்குப் பின் உடம்பில் ஏற்கெனவே நீர் தேங்கியிருக்கும்; உப்பு அந்த நீரைப் பிடித்துவைத்துக் கால் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கூட்டும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பே ஏறத்தாழ அந்த அளவு. உங்கள் மருத்துவர் இன்னும் குறைத்தும் சொல்லியிருக்கலாம். இதை வீட்டில் கடைப்பிடிக்க எளிய வழி, காலையில் நோயாளியின் ஒரு நாள் உப்பை, முக்கால் தேக்கரண்டிக்கு மிகாமல், ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவது. மொத்தக் குடும்பத்துக்கும் கறியை உப்பில்லாமல் கொதிக்க வைத்து, அவருக்குரிய பங்கைத் தனியே எடுத்தபின் மற்றவர்க்கு உப்பிடுங்கள். அவர் கிண்ணத்தில் அந்த டப்பாவிலிருந்து சிட்டிகையாகத் தூவுங்கள். உணவின் மேற்பரப்பில் தூவிய உப்பு நாக்கில் நேராகப் படுவதால், கொதிக்கும்போது கலந்ததை விடக் குறைந்த அளவே நிறைவைத் தரும். மாலையில் டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

உப்பு நம் வீடுகளில் உப்பு டப்பாவிலிருந்து மட்டும் வருவதில்லை. கருவாடு, பப்படம், ஊறுகாய், மோர் மிளகாய், கடையில் வாங்கும் நேந்திரங்காய் சிப்ஸ், ரொட்டி, பிஸ்கட், பொட்டலச் சூப்பு ஆகிய எல்லாவற்றிலும் அது மறைந்திருக்கிறது. கருவாட்டையும் பப்படத்தையும் ஊறுகாயையும் 3 மாதங்களுக்கு வீட்டின் பொதுச் சாப்பாட்டிலிருந்தே விலக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒருவர் முன்னே மற்றவர்கள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் உப்பில்லாக் கஞ்சியை உண்பது நியாயமான எதிர்பார்ப்பு அல்ல.

உப்புக்குப் பதில் நாக்கைத் தொட்டு எழுப்பக்கூடியவை நம் சமையலில் ஏராளம். புளிப்பே அதில் முதன்மையானது: எலுமிச்சைச் சாறு, கொடம்புளி, மாங்காய், நெல்லிக்காய், புளித்த மோர். அடுத்தது நல்லமிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம். உள்ளியை வதக்கினால் வரும் இனிப்பு, உப்பின் குறையை ஓரளவு மறைக்கிறது. உள்ளித் தீயல் இந்த நாட்களுக்கு ஏற்ற கறி. தேங்காய்ச் சம்மந்தியில் உப்பைக் குறைத்துப் புளியையும் இஞ்சியையும் கூட்டலாம். காந்தாரி மிளகு நாக்கை எழுப்பும். ஆனால் வாய்ப்புண்ணோ நெஞ்செரிச்சலோ இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதை மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைப்பவை. அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் இளநீரைப் பற்றியும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும், அதிலும் பொட்டாசியம் மிகுதி. நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் கஞ்சித் தண்ணீர், ரசம், மோர், காப்பி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. உப்பைக் குறைத்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில், பொதுவாக 2 முதல் 3 மாதங்களுக்குள், நாக்கு அந்த அளவுக்குப் பழகிப் பழைய உணவையே அதிக உப்பு என்று உணரத் தொடங்குகிறது. அறுவைக்குப் பின் ருசி திரும்பவும் ஏறத்தாழ இதே காலம்தான் ஆகிறது. எப்படியும் எதுவும் ருசிக்காத இந்த வாரங்களிலேயே உப்பைக் குறைத்துவிட்டால், திரும்பி வரும் ருசி குறைந்த உப்போடு சேர்ந்தே வரும். ருசி திரும்பிய பிறகு குறைக்க முயல்வது இதைவிடப் பல மடங்கு கடினம். வாழ்நாள் முழுதும் தேவைப்படும் பழக்கம் ஒன்றை அமைத்துக்கொள்ள இதைவிட உகந்த வாய்ப்பு மீண்டும் வருமென்று எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரைகள்

வாய் கசக்கிறது என்பதற்காக எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து சுவை மாறியது என்று குறித்து வைத்துக்கொண்டு மறுபரிசோதனையில் சொல்லுங்கள். பல மருந்துகளுக்கு மாற்று உண்டு, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். உடல் வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும்.

உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமைக்கான வார்பரினோ அசிட்ரோமோ வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்தின் அளவை, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். முருங்கைக்கீரை முதலிய கீரைகளிலுள்ள 'கே' வைட்டமின் அந்த மருந்தின் வேலையைத் தளர்த்தும் என்றாலும், கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவில் உண்டால் போதும். பசியின்றி உணவு மிகவும் குறைந்துபோன வாரங்களில் ஐ.என்.ஆர். எதிர்பாராமல் ஏறிவிடக்கூடும், அப்போது பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தழும்பு, கறுத்த மலம் ஆகியவை தெரிந்தால் உடனே போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் கஷாயத்துக்கும் அரிட்டத்துக்கும் உழிச்சலுக்கும் நீண்ட மரபு உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் மார்பெலும்பு கூடும் வரை மார்பிலோ முதுகிலோ உழிச்சல் செய்யக் கூடாது. காயத்தின் மேல் எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதையும் இடக் கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் எந்தக் கஷாயத்தையும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்ட பின்னரே குடிக்க வேண்டும்.

மார்பெலும்பைக் காத்தல்

அறுவையின்போது மார்பெலும்பை நீளவாட்டில் பிளந்து, பின்னர்க் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஒன்றுகூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு வலுப்பெற ஏறத்தாழ 3 மாதங்களும் ஆகும். அதுவரை 2 அல்லது 3 கிலோவுக்கு மேல் தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் கூடாது. கிணற்றில் நீர் இறைப்பது, நிறைந்த குடத்தை இடுப்பில் வைப்பது, சமையல் எரிவாயு உருளையை நகர்த்துவது, தேங்காய் திருவுவது, துணியை முறுக்கிப் பிழிவது, பேரப்பிள்ளையை வாரி எடுப்பது எல்லாம் இந்தத் தடைக்குள் அடங்கும். கட்டிலிலிருந்து எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே விட்டு, முழங்கையின் துணையோடு மெல்ல எழ வேண்டும். கைகொடுத்துத் தூக்குகிறோம் என்று யாரும் அவருடைய கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இருமலும் தும்மலும் வரும்போது சிறு தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் குழாயில், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு 10 முறை மூச்சிழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தேங்காமல் இருக்கும். பெண்களுக்கு மார்பகத்தின் கனம் காயத்தை இழுப்பதால் வலி கூடும். முன்புறம் கொக்கி உள்ள, கம்பியில்லாத பருத்தி உள்ளாடையை இரவும் பகலும் அணிவது அந்த இழுப்பைக் குறைக்கும். கூச்சத்தால் பலர் கேட்காமலே வலியைத் தாங்கிக்கொள்வதால் இதை எழுதுகிறேன். மார்பின் இடப்புறம் மரத்துப்போயிருப்பதும் நரம்பெடுத்த கால் மாலையில் சற்று வீங்குவதும் இயல்பு. அமரும்போது காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும்.

நடை

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயும் முற்றத்திலும் 5 நிமிடம், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை நடந்தால் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் 6 வாரங்களில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க இயலும். நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீட்டு வாசலே ஏற்றத்தில் இருக்கும். அங்குள்ளவர்கள் சமதளமான கால்வாய்க் கரையையோ பள்ளி மைதானத்தையோ நாடுவது நல்லது. சங்குத்துறை, சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் மணலில் கால் புதைய நடப்பது இதயத்துக்குக் கூடுதல் வேலை. முதல் இரு மாதங்களில் ஓரத்துச் சாலையே போதும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக் காலத்தில் எதிர்க்காற்றில் நடப்பதும் அப்படித்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மழை நாட்களில் வழுக்கும் முற்றத்தைத் தவிர்த்து வராந்தாவிலேயே இங்குமங்கும் நடக்கலாம். நடைக்குப் பின் அரை மணி நேரம் ஓய்ந்து அடுத்த சிறு கிண்ணத்தை நீட்டினால், மற்ற வேளைகளை விட அப்போது உணவு எளிதாக இறங்குவதைக் காணலாம்.

எப்போது உடனே அழைக்க வேண்டும்

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக் கருவியில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது, காயம் சிவந்து சீழ் கசிவது, மார்பெலும்பில் 'கடக்' என்று அசைவு உணர்வது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, காலின் ஆடுசதையில் ஒரு பக்கம் மட்டும் வலியோடு வீங்குவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பை நெரிக்கும் வலி, படுக்க முடியாத மூச்சுத் திணறல், மயக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். அறுவை நடந்த மருத்துவமனைக்கே போக வேண்டுமென்று மாநில எல்லை கடந்து காரை ஓட்டிக்கொண்டிருக்காமல், ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறெதுவோ, பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்கு விடுப்புச் சீட்டோடு போய்ச் சேருங்கள்.

மனநிலையும் வேலையும்

தூக்கம் கெடுவதும், விசித்திரமான கனவுகள் வருவதும், காரணமின்றி அழுகை வருவதும் முதல் வாரங்களில் பலருக்கு நேர்கின்றன. உண்ண மறுப்பதோடு பேச்சும் குறைந்து, எதிலும் விருப்பமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. அவரை இலேசான சமையல் வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி உள்ளி உரிப்பதும் கீரை ஆய்வதும் பாரமில்லாத வேலைகள். இன்றைக்கு எந்தப் புளி, எந்த மணம் என்று அவரே தீர்மானித்தால் உணவின் மேல் மீண்டும் ஒரு உரிமை பிறக்கிறது.

கார் ஓட்டுவதற்குக் குறைந்தது 6 வாரங்களும், கைகளால் அழுத்திப் பிடிக்க வேண்டிய இரு சக்கர வாகனத்துக்கு அதைவிடக் கூடுதலாகவும் காத்திருந்து, மருத்துவர் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும். மேசை வேலை செய்வோர் 6 முதல் 8 வாரங்களில் திரும்பலாம். ரப்பர் பால் வெட்டுவோர், வலை இழுப்போர், பனையேறுவோர், சுமை தூக்குவோர் 3 மாதங்களுக்கு முன் அதை நினைக்கவே கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் வெட்டுக் காயமும் உயரத்திலிருந்து விழுவதும் நேரக்கூடிய தொழிலுக்குத் திரும்பலாமா என்பதையே மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். வருமானம் நின்றுபோகும் இந்த மாதங்களைக் குடும்பம் எப்படித் தாங்கப்போகிறது என்பதை அறுவைக்கு முன்பே உறவினர்களோடும் சங்கத்தோடும் பேசி வைப்பது, நோயாளி அவசரப்பட்டு வேலைக்கு ஓடாமல் காக்கும்.

மூன்று மாதங்கள் கழிந்தும் ருசி திரும்பாவிட்டால்

அப்போது அதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காரணத்தைத் தேட வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், எடைக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். துத்தநாகச் சத்துக் குறைபாடு, இரத்தசோகை, சர்க்கரை கட்டுப்படாமை, தைராய்டு மாறுபாடு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். துடிப்பைச் சீராக்க அமியோடரோன் எடுத்தவர்களுக்குத் தைராய்டு மாறுவது அறிந்த ஒன்று. துத்தநாக மாத்திரையைக் கேளாமல் வாங்கி விழுங்க வேண்டாம். பல் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள், பல் பிடுங்குவதற்கோ ஈறு சுத்தம் செய்வதற்கோ முன்பாக நுண்ணுயிர்க் கொல்லி மருந்து எடுக்க வேண்டியிருப்பதால், நாற்காலியில் அமரும் முன்பே வால்வைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.